வட்டைக் காணவில்லை

என் நாவல் ஒருமுறை செத்திருக்கிறது. பழைய கணினி படுத்தபோது ஏழு அத்தியாயங்களையும் கூடவே கொண்டுபோய்விட்டது. ஞாபகத்திலிருந்து திரும்பவும் எழுதினேன். இன்னொரு தரம் போனால் மூன்றாம் முறை எழுதுகிற தெம்பு எனக்கு இல்லை. பதிப்பாளருக்கோ தை பிறக்கமுன் முழுவதையும் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஆகவே புதுக் கணினியோடு ஒரு வெளி வன்வட்டும் வாங்கினேன். இணையத்தில் பார்த்துப் பார்த்து, தினமும் பின்னேரம் நாலு மணிக்கு நாவலை அந்த வட்டில் பிரதி எடுக்கிற ஸ்கிரிப்ட் ஒன்றை நானே எழுதினேன். அந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பில் நிற்பேன். கணினி வீட்டில் சும்மா இருக்கும். தமிழ் படிப்பிக்கிற ஒருத்தி ஸ்கிரிப்ட் எழுதிய கதையை ஆசிரியர் அறையில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

அது ஒரு நாள் வேலை செய்தது, மறுநாள் செய்யவில்லை. தான் செய்ததை அது எழுதிவைக்கிற கோப்பைத் திறந்து பார்த்தால் திங்கள் சரி, செவ்வாய் பிழை, புதன் பிழை, வியாழன் சரி. நான் வீட்டில் நிற்கிற சனி, ஞாயிறில் பிழையே இல்லை. வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் விடுகிற பிள்ளை மாதிரி நடித்தது. வயரை மாற்றினேன். கணினி தூங்கிவிடுகிறதோ என்று அதன் தூக்கத்தைக் கெடுத்தேன். ஸ்கிரிப்டை வரி வரியாகப் பிரித்துப் பூட்டினேன். மூன்று கிழமை இப்படியே போயிற்று. வகுப்பு முடிந்து வந்தால் நேரே கணினிக்கு முன்னால்தான். நான் நாவல் எழுதுகிறேன் என்று நினைத்து வீட்டுக்காரர் தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைப்பார். நானும் திருத்தவில்லை.

கடைசியில், பிழை வந்தால் திரை முழுக்கக் காட்டட்டும் என்று ஒரு அறிவித்தலைச் சேர்த்தேன். சிவப்பு நிறத்தில், நல்ல தமிழில்: 'வட்டைக் காணவில்லை. உடனே பார்க்கவும்.'

அந்த நல்ல தமிழ்தான் காலை வாரியது. வட்டு என்றால் ஹார்ட் டிஸ்க் என்று எங்கள் ஊரில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. வட்டை என்றால் வயல்வெளி என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்காரர் உண்டு உறங்குவது செட்டிபாளையத்தில் என்றாலும், அவருடைய சீவன் கிடப்பது வாவிக்கு அங்கால் வவுணதீவில், தன் வயல் இருக்கிற வட்டையில். போதாக்குறைக்கு, அவருக்குச் சொல்ல வேண்டியதைக் கணினித் திரையில் பெரிதாக அடித்து வைத்துவிட்டுப் போவது என் வழக்கம். 'சொதி சட்டியில், சூடாக்கவும்.' 'கோழியை அடைக்கவும்.' மனிதர் ஒன்றுவிடாமல் செய்துவிடுவார்.

அன்று நான் வந்தபோது மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. மாரி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பொழுதுபடத்தான் வந்து சேர்ந்தார், முழங்கால்வரை சேறு.

"ஆரு உனக்குச் சொன்ன, வட்டையக் காணல்லயெண்டு?"

"எந்த வட்டை?"

"கொம்பியூட்டர்ல எழுதி வெச்சிற்றுப் போயிருக்காய், உடனே பார்க்கவும் எண்டு. வெள்ளம் ஏறி வரம்பெல்லாம் மூடிற்றாக்கும் எண்டு பதறியடிச்சுப் போய்ப் பாத்தா, வட்டை கிடந்த மாதிரியே கிடக்கு. வாய்க்காலடியில நிண்டவனுகள் சிரிக்கானுகள்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு இலக்கணம் விளங்கப்படுத்தினேன். வயல் என்றால் 'வட்டையைக் காணவில்லை' என்றல்லவா வரும், இது வட்டு என்ற சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தது என்றேன்.

"உண்ட வேற்றுமைய நீயே வெச்சுக்கொள்," என்றார். "அந்தக் கறுத்தப் பெட்டியயா சொல்றாய்? அது எங்கயும் போகல்ல. நான்தான் கழட்டினன். ரோச் லைற்றுக்குச் சார்ச் போட வேற ஓட்டை இல்லையே. மறுகா அப்படியே கொழுவித்தானே வெக்கிறன்."

"ஒவ்வொரு நாளுமா?"

"வயலால வெள்ளன, நாலு மணிக்கு முன்னமே வாற நாள்ல. நீ நிக்கிற நாள்ல தொடமாட்டன். ஏசுவாய்."

மூன்று கிழமையாக நான் தேடிய கோளாறு தேத்தண்ணியும் கையுமாக என் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. ஏசுவதற்கும் வாய் வரவில்லை, அவ்வளவு ஒழுங்காகத் திரும்பக் கொழுவியிருந்தார். மறுநாளே சுவரில் செருகுகிற சார்ஜர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். 'சரி', 'பிழை' என்ற ஒற்றைச் சொற்களை எடுத்துவிட்டு, நடந்தது எதுவானாலும் முழு வசனமாகத் திரையில் காட்டும்படியும் செய்தேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு, வெற்றியைக் காட்டவென்று அவரைப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினேன். ஸ்கிரிப்ட் ஓடியது. பச்சை எழுத்தில் பதில் வந்தது: 'வட்டு உண்டு. கோப்பில் புதிதாக எதுவும் இல்லை. பிரதி எடுக்கத் தேவையில்லை.'

இது வேறொரு பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். நாவல் கோப்பின் திகதியைப் பார்த்தேன். கடைசியாக அதில் கை வைத்தது முதல் பிழை வந்ததற்கு முந்தின நாள். அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளிகூடச் சேரவில்லை. கதாநாயகி பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பேருந்துக்குக் கைகாட்டியபடி மூன்று கிழமையாக நிற்கிறாள். தைக்கு இன்னும் ஐந்து கிழமைதான் இருந்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"புதுசா ஒண்டுமில்லையாம். அப்ப இவ்வளவு நாளும் இதுக்கு முன்னால இருந்து என்ன செஞ்ச நீ?"

"எழுதினது போயிடாம இருக்கிறதுக்குத்தான் இதத் திருத்தினன்."

"அப்ப விதைக்காம, காவலுக்கு மட்டும் நிண்டிருக்காய்," என்றார் சாதாரணமாக, தேத்தண்ணியை ஊதிக்கொண்டு.

எனக்குக் கோபம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அவர் சொன்னது பிழை என்று காட்ட என்னிடம் ஒரு வரிகூட இல்லை.