சக்கரவர்த்தி ஏலம் கேட்ட ஏத்தன்குலை

திருநெல்வேலியிலிருந்து முந்தின நாளே வந்து தங்கி, காலை ஏழு மணிக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினேன். பாறசாலைக்கு இருபத்திரண்டு மைல், பன்னிரண்டு அணா டிக்கெட். எல்லைப் போராட்டம் சூடேறியிருந்த வருஷம். வழியெல்லாம் சுவர்களில் ‘தமிழகத்தோடு சேர்’ என்று கரியால் எழுதியிருந்தது. நான் போனதோ கிரகங்களைப் பார்க்க. என்னோடு ஆசிரியப் பயிற்சி படித்த செல்லையன் அங்கே மிஷன் பள்ளி வாத்தியார். ஆகாய ராஜ்யங்களை வைத்து நாடகம் எழுதியிருந்தான்.

“நாடகம் காணவா?” என்றார் கண்டக்டர். “எனக்க மச்சினன் அதுல ராக்கெட்டு ஆக்கும்.”

ஒன்பதரைக்கு செல்லையன் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும். சாப்பிட்டபடியே கதை கேட்டேன்.

“ஒரு குட்டிக் கிரகம் உண்டு மக்கா. பெரிய கிரகம் அதுக்குக் காவல். ராஜாவுக்குக் கிரீடம் வைக்கியதும் அவன், எடுக்கியதும் அவன். வருசம்தோறும் விளைஞ்சதுல நல்லதெல்லாம் காணிக்கையாக் கொண்டு வைக்கணும். கடைசி சீன்ல, தரமாட்டேன்னு குட்டி ராஜா சொல்லுவான்.”

“இது ஆகாயமா, பாறசாலையா?”

“மெல்லப் பேசுலே! நாடகத்துல அரசியல் உண்டுன்னு போலீஸ் ஒரு வரி எழுதினா எனக்க வேலை போச்சு. பள்ளிக்கூட மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லியாச்சு.”

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அவன் பங்கு கிழங்கையும் நானே பார்த்துக்கொண்டேன்.

மாலை மூன்று மணி. சபைக் கோயிலை ஒட்டிப் பந்தல். மறுநாள் ஞாயிறு, அறுப்புப் பண்டிகை. தோட்டத்தில் முதலில் விளைந்ததை வீட்டுக்கு வீடு கோயிலுக்குக் கொண்டுவருவார்கள், அதை ஏலம் விடுவார்கள். வந்து குவிந்திருந்த வாழைக்குலையையும் சேனையையும் நாடகத்துக்குக் கடன் வாங்கி, காணிக்கையாக அடுக்கியிருந்தான் செல்லையன். முன் பெஞ்சில் நெய்யாற்றின்கரை போலீஸ் ஏட்டு, மடியில் நோட்டுப் புத்தகம்.

ராக்கெட் வந்தது. கமுகம்பாளையும் வர்ணக் காகிதமும் நடந்துவர, உள்ளேயிருந்து கண்டக்டரின் மச்சினன் இரைந்தார். பந்தலே அதிர்ந்தது. பெரிய கிரகத்துச் சக்கரவர்த்தியாகத் தையற்காரர் தேவதாசன் சிம்மாசனத்தில் அமர்ந்தார். மந்திரி வேஷம் ஞானமுத்துவுக்கு. கோயிலில் வருஷந்தோறும் ஏலம் கூறுகிறவரும் அவர்தான்.

மந்திரி ஏத்தன் வாழைக்குலையை இரண்டு கையாலும் தூக்கி, “குட்டிக் கிரகத்தின் காணிக்கை!” என்றார்.

“ஒரு ரூவா!” என்றாள் பின்வரிசையில் ஒரு பெண். ஞானமுத்து குலையைத் தூக்கினால் விலை கேட்டே பழகிய ஊர்.

அவருக்கும் நாக்கு நிற்கவில்லை. “ஒரு ரூவா, ஒரு தரம்!”

சக்கரவர்த்தி துள்ளி எழுந்தார். “எனக்குள்ள காணிக்கையாக்கும் அது! ரெண்டு ரூவா!”

“மூணு!” என்றான் எதிரே நின்ற குட்டி ராஜா.

“மூணரை!” ஏட்டு நோட்டைப் பெஞ்சில் போட்டுவிட்டுக் கை தூக்கியிருந்தார்.

“நாலு!” குட்டி ராஜா விடவில்லை. மூன்றாம் தரமும் முடிந்தது. கிரீடம் காதில் தொங்க, தன் குலையைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு பந்தலைச் சுற்றி வந்தான். எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன், இப்படி வயிறு வலிக்கச் சிரித்ததில்லை. அதன் பிறகு நாடகமாவது ஒன்றாவது, சேனை வரைக்கும் ஏலம் போயிற்று.

திரைக்குப் பின்னால் செல்லையன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். வாங்கிய சேனையைச் சுமந்தபடி ஏட்டு வந்தார்.

“சாரே, லேலம் நடந்நு, வேறே ஒந்நும் இல்லெந்நு எழுதியிட்டுண்டு.” ஏலம் நடந்தது, வேறொன்றும் இல்லை என்று எழுதிவிட்டாராம். போகத் திரும்பியவர் கடைசி சீன் என்னவென்று கேட்டார்: “அவசான சீன் எந்தாயிருந்நு?”

செல்லையன் என்னைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன். “காணிக்கை தரமாட்டேன்னு குட்டி ராஜா சொல்லுவான்.”

“அது ஞங்ஙள் கண்டல்லோ!” அதைத்தான் பார்த்தாயிற்றே என்று சிரித்துக்கொண்டே ஏட்டு போனார்.

ஐந்தரை மணி பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்தான் செல்லையன். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நாடகத்தை எழுதியவன்தான் முடித்துவைக்க வேண்டும், இங்கே ஊரே முடித்துவைத்துவிடுகிறது என்றேன். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வண்டி நகர்ந்ததும் கூடவே ஓடிவந்து ஜன்னலைத் தட்டினான்.

“எலே மக்கா! அப்போ திங்கக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் உண்டுலே!”