சோறு போட்ட பிறகு கேட்கிற கேள்வி

ராயபுரத்தில் கிரேக்கமா என்று சிரித்தவர்களுக்குப் பதில் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன். ஒரு மருந்துக்கடையின் மாடியில் சாயங்காலங்களில் பழைய கிரேக்கம் சொல்லித்தருகிறேன். ஆட்கள் ஆசையாக வருகிறார்கள். இதில் மற்றவர்களுக்கு என்ன போச்சு?

முதல் பாடமே 'நீ யார்?' என்பதுதான். ஏதென்ஸ்காரன் தன்னைப் பற்றிச் சொல்லும்போது தன் பெயர், அப்பா பெயர், தன் பேட்டை மூன்றையும் சொல்வான். பெண்களை அவர்கள் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சேர்த்துவிட்டேன். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிற அண்ணன் எழுந்து, 'காசிமேடு' என்பதை மட்டும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அடுத்து அவள். கன்டெய்னர் ஆபீஸில் வேலை பார்ப்பவள், வகுப்பிலேயே கெட்டிக்காரி. பெயர் சொன்னாள், அப்பா பெயர் சொன்னாள், பேட்டை வந்ததும் "புரசைவாக்கம் பக்கம்" என்று முனகினாள்.

படகுக்கார அண்ணன் விடவில்லை. "இன்னாமா, நீ புளியந்தோப்பு ஹவுசிங் போர்டுதான?"

"இன்டர்வியூல அந்தப் பேர சொன்னா பேனாவ மூடி வெச்சிட்றாங்கண்ணே. எத்தினி வாட்டி பாத்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் அன்று மேற்கொண்டு பாடம் ஓடவில்லை. அடுத்த வகுப்பில் வேறு ஒன்றை எடுத்தேன். அந்தக் காலத்துக் கிரேக்க வீட்டு வாசலில் முன்பின் தெரியாதவர் வந்து நின்றால், கைகழுவத் தண்ணீர் கொடுத்துச் சாப்பாடு போடுவார்கள். யார், எந்த ஊர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"சோறு துன்ன அப்பறம் கேட்டா மூஞ்ச சுளிக்க முடியாதுல்ல மிஸ்?" என்றாள் அவள்.

கேட்பது வீட்டுக்காரன், சாப்பிடுவது விருந்தாளி என்று திருத்த வாயெடுத்தேன். அவள் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு வெளியூர்க் கல்லூரியில், கிரேக்கத்தை முழுநேரமாகச் செலவில்லாமல் படிக்க ஓர் இடம் வந்தது. அதற்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அவளைப் பார்க்க ஒரு பேராசிரியர் எங்கள் வகுப்புக்கே வருவதாக இருந்தது. பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி வகுப்பே பரபரத்தது.

"வந்ததும் சோறு போட்ருவோம். வஞ்சிரம் நான் எடுத்தாறேன்" என்றார் படகுக்கார அண்ணன்.

"வேணாண்ணே, எங்க வூட்லேர்ந்து நானே எடுத்தாறேன்."

பேராசிரியர் வந்து உட்கார்ந்து, பேனாவைத் திறந்து மேஜையில் வைத்தார். அவள் தட்டு வைத்து டிபன் கேரியரைத் திறந்தாள். மாடி முழுக்க மிளகு வாசனை. பரிமாறப் போனவள் சட்டென்று நின்றாள்.

"சார், இது பீஃப் வறுவல். எங்க புளியந்தோப்புல வாங்கி எங்கம்மா செஞ்சது. வேணான்னா சொல்லிடுங்க, தப்பா நெனைக்க மாட்டேன்."

எந்தப் பேட்டை என்கிற கேள்வியைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளத்தான் இத்தனை ஏற்பாடும். அவளோ யாரும் கேட்காமலே, ஒரு வாய் உள்ளே போவதற்குள் சொல்லிவிட்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவர், போடச் சொல்லித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிரேக்கத்தில் கேட்டார்: "நீ யார்?"

நிமிர்ந்து நின்று, தன் பெயர், அப்பா பெயர், பேட்டை மூன்றையும் சொன்னாள். புளியந்தோப்பு என்பதைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

நான் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடுவதற்கு அவருக்குக் கை ஏது? ஐந்து விரலிலும் மசாலா. கழுவிவிட்டு வந்துதான் அதை எடுத்தார், அந்தக் கல்லூரி இடத்துக்கு அவள் பெயரை எழுத.