அத்தானின் மண்ணைத் தூக்கிக்கொண்டு கிண்டிக்கு

மலை, கடல், கோயில் என்று எதையாவது எதிர்பார்த்து இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தமுறை நான் போனது ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து கிண்டி வரைதான். எட்டு கிலோமீட்டர், துணைக்கு அக்கா, அவள் மடியில் ஒரு சம்படம் நிறைய மண். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டேன். "ஊர் பேர் மட்டும் போடாதடா" என்றாள்.

அத்தான் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் வேலை பார்த்தார். அவருடைய குவார்ட்டர்ஸ் தோட்டம் அந்தத் தெருவுக்கே பிரசித்தம். சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேட்டின் அடிவாரத்தில் மழைக்குப் பிறகு கறுப்பாக வண்டல் படியும். கறுப்பாக இருந்தால் சத்து என்று நம்பி சைக்கிளில் மூட்டை மூட்டையாக அதைக் கொண்டுவந்து பாத்திகளில் போட்டார். கீரை தளதளவென்று வந்தது. இரண்டு வருடம் முன்பு சிறுநீரகம் கெட்டு அவர் போனார். அக்கா சென்னைக்கு வந்தபோது கட்டிலையும் பீரோவையும் அங்கேயே விற்றுவிட்டு, தோட்டத்து மண்ணை மூன்று மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட்டாள். மூன்றாவது மாடிக்கு அதை ஏற்றியவன் நான். இடுப்பு இன்னும் மறக்கவில்லை.

இரண்டு மூட்டை மொட்டைமாடித் தொட்டிகளுக்குப் போனது. ஒன்று பிரிக்காமல் பரண்மேல் கிடந்தது. தொட்டிகளில் அரைக்கீரை, சிறுகீரை, ஓரத்தில் ஒரு அடுக்குச் செம்பருத்தி. இந்த ஜூலையில் அக்கா மகள் கயல் ஏழு மாத வயிற்றோடு தாய்வீடு வந்தாள். தினமும் கீரை மசியல். பத்து நாள் சாப்பிட்ட பிறகுதான், சுரங்கத்தைச் சுற்றியுள்ள மண்ணில் ஈயம், காட்மியம் போன்றவை சேரும், கீரை அவற்றை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும், வயிற்றுப் பிள்ளைக்கு ஈயம் ஆகவே ஆகாது என்று எதிலோ படித்துவிட்டாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இந்த மண்ணைத் தூக்கிப் போட்டுடும்மா."

"உங்கப்பா கை பட்ட மண்ணுடி" என்றாள் அக்கா. அதற்குமேல் இரண்டு பேரும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கயலின் மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் வீட்டில் சோறு இறங்கவில்லை. சண்டை போடுவதற்குப் பதில் சோதித்துப் பார்த்துவிடலாமே என்று நான் மூக்கை நுழைத்தேன்.

காலை ஒன்பதே முக்காலுக்கு ஆட்டோ கிடைத்தது. நூற்றெண்பது ரூபாய், பேரம் பேசி. திரு.வி.க. பாலத்தில் அடையாற்றுக் காற்று வந்து முகத்தில் அடித்தது. சம்படத்தை அக்கா இரண்டு கையாலும் பிடித்திருந்ததை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா அதுல, கருவாடா?"

"மண்ணுப்பா. டெஸ்ட் பண்ணப் போறோம்."

"மண்ணுக்கா டெஸ்ட்டு! எனக்கே சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லி வூட்ல ஒரு வருசமா கத்திக்கினு கீறாங்க."

அன்று முதல்முறையாக அக்கா சிரித்தாள். மத்திய கைலாஷ் சிக்னலில் நெடுநேரம் நின்றோம். இந்த வழியாகப் போகிறவர்கள் பத்தரைக்குப் பிறகு கிளம்புவது நல்லது.

கிண்டி தொழிற்பேட்டைக்குள் ஒரு மாடிக் கட்டடத்தில் அந்தப் பரிசோதனைக்கூடம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் சம்படத்தைத் திறந்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"மேல சிவப்பா என்ன மேடம் இது?"

"குங்குமம்மா" என்றாள் அக்கா. "மண்ணைச் சும்மா எடுக்கக்கூடாதில்ல. மஞ்சள் குங்குமம் வெச்சுக் கும்பிட்டுத்தான் எடுத்தேன்."

"தொட்டியிலயுமா?"

"வெள்ளிக்கிழமை தவறாம வைப்பேன்."

எனக்கு அது அதுவரை தெரியாது. அத்தான் போன அன்றோடு அக்கா நெற்றியில் குங்குமம் வைப்பதை நிறுத்திவிட்டாள். மிச்சமிருந்த டப்பாவை எறிய மனம் வராமல், வாரா வாரம் அவருடைய மண்ணுக்கு வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சில குங்குமத்துல நிறத்துக்காக ஈயப் பொடி கலக்கறாங்க மேடம். இதைச் சோதிச்சு ஈயம்னு வந்தா, அது சுரங்கத்து மண்ணோடதா, உங்க டப்பாவோடதான்னு எங்களால சொல்ல முடியாது. குங்குமம் படாத மண்ணு இருக்கா?"

பரண்மேல் இருந்ததே, அந்த மூன்றாவது மூட்டை!

திரும்பும்போது அடையாறில் இறங்கி ஆளுக்கு ஒரு காபி குடித்தோம். அக்கா டம்ளரை வாயில் வைக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தாள். "நான் நல்லதுக்குன்னுதான்டா வெச்சேன்" என்றாள். தெரியும் என்றேன்.

திங்கட்கிழமை மூட்டை மண்ணையும் தொட்டி மண்ணையும் தனித்தனிப் பொட்டலமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. மூட்டை மண்ணிலேயே ஈயமும் காட்மியமும் கீரை வளர்க்கக்கூடாத அளவுக்கு இருந்தன. தொட்டியின் மேல்மண்ணில் ஈயம் அதைவிட அதிகம். சுரங்கத்தூசியா, கொட்டிய மண்ணிலிருந்து மழை அடித்துவந்ததா, நிலக்கரிச் சாம்பலா என்பதையெல்லாம் முடிவுத்தாள் சொல்லாது. மண்ணில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவர் தினமும் இந்தக் கீரையைத்தானே சாப்பிட்டார். நான்தானே பறிச்சு, கடைஞ்சு போட்டேன்?"

நான் உடனே பரிசோதனைக்கூடத்துக்குப் போன் போட்டேன். மண்ணை வைத்து ஒருவருடைய நோய்க்குக் காரணம் சொல்லவே முடியாது என்றாள் அந்தப் பெண். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை. கயல்தான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அப்பா ஆசையா கேட்டுச் சாப்பிட்டதும்மா அது. நீ போட்டது சோறு." அக்கா வாய்விட்டு அழுதாள். அத்தான் போனபோதுகூட அவள் இப்படி அழுது நான் பார்க்கவில்லை.

இனி உங்களுக்கு. போகுமுன் போன் செய்து, எந்தெந்த உலோகங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கட்டணம் கேளுங்கள். எண்ணிக்கையைப் பொறுத்து அது ஏறும். துருப்பிடித்த கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டி போதும். நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, புதுப் பையில் அரைக் கிலோ கொண்டுபோங்கள். முடிவு வரும்வரை அந்த மண்ணில் விளைந்ததைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள். மண்ணைத் தொட்டால் கை கழுவுங்கள். கும்பிடுவதானால் கையை மட்டும் கூப்புங்கள்.

கீரைக்கு இப்போது புது மண், புதுத் தொட்டி. பழைய மண்ணைப் பரண் மூட்டையோடு சேர்த்துக் கட்டி, பரிசோதனைக்கூடம் சொன்ன கழிவு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டோம். மிச்சம் வைத்தது ஒரே ஒரு தொட்டி, அந்தச் செம்பருத்தி மட்டும். தூசி பறக்காமல் மேலே கூழாங்கல் பரப்பியிருக்கிறது. அதைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொன்னவள் கயல்.

போன வெள்ளிக்கிழமை போயிருந்தேன். அக்கா பழக்க தோஷத்தில் தொட்டிமுன் வந்து நின்றாள், கையில் ஒன்றும் இல்லை. கயல் பின்னாலேயே மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அவளே செய்த குங்குமம் ஒரு கிண்ணத்தில் இருந்தது. அக்கா அதை வாங்கக் கை நீட்டினாள்.

"மண்ணுக்கு இல்லம்மா" என்று சொல்லி, கயல் ஒரு துளி எடுத்து அம்மாவின் நெற்றியில் வைத்தாள். அக்கா அதை அழிக்கவில்லை.