பேரிக்காய்ப் பாகும் என் பொல்லாத வாயும்

என் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆஸ்பத்திரி ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்தில் என் கை மூட்டைகளை எண்ணும், வாய் தன் பாட்டுக்குப் பேசும். மூளைக்கு இந்த இரண்டு பேரோடும் அவ்வளவு பழக்கம் இல்லை. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த வாய் என் அக்காவின் வாழ்க்கையைத் தூக்கிப் பந்தயத்தில் வைத்துவிட்டது.

அக்கா கணவரை இழந்து, காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தோட்டத்தில் கங்காணியாக இருந்த அவளுடைய கொழுந்தனார், "இங்கே வந்து எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்" என்று கடிதத்துக்குமேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். போனால் சம்பளம் இல்லாத வேலைக்காரிதான், அது அவளுக்கும் தெரியும். எங்களோடேயே இரு என்றாலும் கேட்கமாட்டாள்.

"தம்பி வீட்டுச் சோறு ரெண்டு மாசம் இனிக்கும்டா. மூணாவது மாசம் தொண்டையில நிக்கும். இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு வேலை கெடைக்கலனா நான் தோட்டத்துக்குப் போறேன்."

சொன்னால் செய்கிறவள். பெட்டியில் பாதித் துணியை அடுக்கியும் வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸிமார் தங்கும் விடுதியின் சமையலறைக்கு ஓர் உதவி ஆள் தேவைப்பட்டது. விடுதியை நடத்திவந்த வெள்ளைக்காரம்மா கப்பலேறிவிட, அந்த இடத்துக்கு உஜோங் பாசிர்க்காரரான பெரிய மிஸ்ஸி வந்திருந்தார். போர்த்துகீசிய வம்சம், கறுப்பு ஷூ, சிரிக்காத முகம். அக்காவும் மனுப் போட்டிருந்தாள். அவளையும் சேர்த்து ஆறு பேர்.

செவ்வாய்க்கிழமை பெரிய மிஸ்ஸி சாமான் எடுக்க ஸ்டோருக்கு வந்தார். அலமாரியில் இருந்த டின் பேரிக்காயைக் கையில் எடுத்து, மருந்து பாட்டிலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதுவா பேரிக்காய்? வெறும் பஞ்சு" என்றார் மலாயில். "கிறிஸ்மஸுக்கு எங்கம்மா வீட்டிலேயே காய்ச்சுவார். துண்டு துண்டாய், கெட்டிப் பாகில். கடித்தால் கடிபடும். இப்போது யாருக்குத் தெரிகிறது அதெல்லாம்!"

ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. நான் சொன்னேன்:

"எங்கக்காவுக்குத் தெரியும், மிஸ்ஸி. அதில் எங்கக்கா பெரிய கெட்டிக்காரி."

பெரிய மிஸ்ஸி டின்னைக் கீழே வைத்தார். "மனுப் போட்டிருக்கும் அக்காவா?"

"அவங்கதான்."

"சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல். பார்க்கலாம்."

அவர் போன பிறகுதான் மூளை மெதுவாக வந்து, என்ன நடந்தது என்று விசாரித்தது.

*

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் அப்படியே நின்றது.

"பேரிக்காய்னா எது? அந்தச் சீனன் கடையில காயிதம் சுத்தி வெச்சிருப்பானே, அதா?"

"அதேதான்க்கா."

"அத நான் தொட்டதுகூட இல்லியேடா!"

"தொடறதுக்கு இன்னும் நாலு நாள் இருக்குக்கா."

முறம் பறந்து வந்தது. நான் குனிந்தேன். அரிசி மட்டும் என்மேல் விழுந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அட்சதை போட்டாச்சா? அப்ப ஆசீர்வாதம் முடிஞ்சுது" என்றாள். அவள் எப்போதும் அக்கா கட்சி.

ஆனால் ஒன்று. திட்டித் தீர்த்த பிறகு அக்காவின் முகத்தில் ஒரு துடிப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்தில் நான் பார்க்காத துடிப்பு. "கொய்யாவுக்குக் கழுத்து மொளச்ச மாதிரி இருக்கும். ஒரு பழம்தானே. பழம்னா சீனியில வேகாமலா போயிடும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "நாளைக்கு வாங்கிட்டு வா. உன் காசு. உன் வாய்."

புதன்கிழமை பாசாருக்குப் போனேன். சீனக் கடை முதலாளி தவுக்கே ஆஸ்திரேலியாப் பேரிக்காயை ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். பச்சையாக, கல்லுபோல் சில. மஞ்சளாக, அமுக்கினால் விரல் உள்ளே போகும்படி சில. வாசம் தூக்கியது மஞ்சளில்தான். எனக்குப் பழத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். தவுக்கே, "சமைக்கவா? காய் எடு, காய் எடு" என்றார். விலை போகாததை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து, புத்திசாலித்தனமாக மஞ்சளாகப் பார்த்துப் பொறுக்கினேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா அவற்றைத் தோல் சீவி, துண்டு போட்டு, சீனிப்பாகில் இறக்கினாள். நான் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கால் கழுவி வருவதற்குள் துண்டுகளைக் காணவில்லை. சட்டியில் வெள்ளையாகக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

அக்கா ஒரு கரண்டி எடுத்து எனக்கு ஊட்டினாள். "எப்படி இருக்கு?"

"நல்லாத்தான்க்கா இருக்கு."

"பல்லு இல்லாதவனுக்கு நல்லாத்தான் இருக்கும். அந்தம்மா கடிபடணும்னுல்ல சொல்லிருக்கு!"

சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பிபி எழுந்து வந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வம்சமான சிட்டிக் குடும்பத்துப் பெண்மணி, அக்கா வயதுதான் இருக்கும். சாமி, பொங்கல், விபூதி எல்லாம் எங்களைப் போலவே, பேச்சு மட்டும் மலாய். சட்டியை எட்டிப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு, "பாக்காய் கப்பூர் லா!" என்றார். சுண்ணாம்பு போடு என்று அர்த்தம். பப்பாளிக்காய், ஜாதிக்காய் எதுவாக இருந்தாலும் முதலில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டால், பாகில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் துண்டு துண்டாகவே நிற்குமாம். அதோடு பழமும் காயாக இருக்க வேண்டுமாம்.

"கேட்டுக்கிட்டியா, காயா இருக்கணுமாம்" என்றாள் அக்கா என்னைப் பார்த்து. நான் தவுக்கே பக்கம் மானசீகமாக ஒரு கும்பிடு போட்டேன்.

*

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கல்லுமாதிரி பன்னிரண்டு பேரிக்காயோடு வீடு வந்தேன். அக்காவும் என் மனைவியும் உட்கார்ந்து தோல் சீவினார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் என் பொறுப்பு. நானே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு.

பீங்கான் பேசின் ஒன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. உள்ளே ஏதோ தூசி ஒட்டியிருந்த மாதிரி தெரிந்தது. கைலி முனையால் ஒரு துடை துடைத்தேன். துண்டுகளைப் போட்டேன். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை, அபிஷேகம் செய்கிற பக்தியோடு ஊற்றினேன்.

ஊற்ற ஊற்றப் பேசின் சிவந்தது. ஓரத்தில் தொடங்கி, நடுவுக்கு ஓடி, குபுகுபுவென்று இரத்தச் சிவப்பு.

"அக்கா! பழத்துக்கு ரத்தம் வருதுக்கா!"

இருவரும் ஓடி வந்தார்கள். என் மனைவி பேசினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏங்க, காலையில மஞ்சள் இடிச்சுக் கொட்டி வெச்சிருந்த பேசின்ங்க இது. கழுவினீங்களா?"

"துடைச்சேன்."

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா என்ன ஆவும்னு பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே! ஆலத்தி கரைச்சு வெச்சிருக்கீங்க!"

உண்மையிலேயே ஆலத்திதான். வெற்றிலையும் கற்பூரமும்தான் பாக்கி. நான் வாயைத் திறக்கப் போனேன், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். கணவர் போன நாளிலிருந்து யாரும் அவளை ஆலத்தித் தட்டுப் பக்கம் கூப்பிட்டதில்லை. கல்யாணமோ, காதுகுத்தோ, அவள் அடுப்படியில் இருந்துவிடுவாள், நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். இப்போது வீட்டு நடுவில், அவள் பழத்தையே போட்டு ஒரு பேசின் நிறைய நான் கரைத்து வைத்திருக்கிறேன்.

அக்கா குனிந்து இரண்டு கையையும் அந்தச் சிவப்புக்குள் விட்டாள். துண்டுகளை அள்ளி அள்ளி வெளியே எடுத்தாள். முழங்கைவரை சிவப்பு. எடுத்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாத சிரிப்பு.

"யார்ரா சுத்திப் போடச் சொன்னது? இவ்ளோ பெரிய திருஷ்டியாடா எனக்கு?"

"தண்ணிய முச்சந்தியில ஊத்திட்டு வாங்க" என்றாள் என் மனைவி, அவளும் சிரித்துக்கொண்டே. "எதுக்கும் இருக்கட்டும்."

ஊற்றிவிட்டு வந்தேன். அக்கா துண்டுகளை ஐந்தாறு தண்ணீரில் அலசினாள். அப்படியும் ஓரங்களில் சிவப்பு போகவில்லை. எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்துப் பிழிந்தாள். மந்திரம் போட்டதுபோல் சிவப்பு மறைந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மஞ்சளாகிவிட்டது. மறுபடியும் நல்ல பேசின், மறுபடியும் சுண்ணாம்புத் தண்ணீர். இந்த முறை என்னைக் கிணற்றடியைத் தாண்டி உள்ளே விடவில்லை.

*

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அலுமினியச் சட்டி கரி அடுப்பில் ஏறியது. நன்றாக அலசிய துண்டுகள், சீனி, பட்டை, நாலு கிராம்பு, எலுமிச்சைச் சாறு. அனலைச் சிறியதாக வைத்து அக்கா மணை போட்டு உட்கார்ந்துவிட்டாள். பத்து மணிக்குத் துண்டுகள் துண்டாகவே நின்றன. நான் குதித்தேன். பிபி வேலியருகே வந்து கைதட்டினார். தெருவில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், என் வாயைப் பற்றித்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

"எறக்கிடலாம்க்கா. வெள்ளையா, அழகா இருக்கு."

அக்கா ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள். "உள்ள இன்னும் பச்சைத்தண்ணியா இருக்கு. பாகும் கம்பி எடுக்கல. இருக்கட்டும்."

பதினொன்றரை மணிக்குச் சட்டி லேசாகச் சிவக்க ஆரம்பித்தது.

அக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "டேய்."

"சத்தியமா நான் இல்லக்கா! நான் இந்தப் பக்கமே வரல!"

"கரண்டியத் தொட்டியா?"

"முருகன்மேல ஆணையா இல்ல!"

இன்னொரு எலுமிச்சையைப் பிழிந்தாள். முந்தின நாள்போல் சிவப்பு ஓடவில்லை. இன்னும் கொஞ்சம் கூடின மாதிரிதான் இருந்தது. "அப்ப மஞ்சள் இல்ல இது" என்றாள். வேறென்ன என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பிபிக்கும் தெரியவில்லை. அவர் பேரிக்காயைக் காய்ச்சியதில்லை. பன்னிரண்டரைக்குப் பாகு கம்பி எடுத்தது. சட்டி முழுக்க, பழுத்த ஜாம்புக்காயின் சிவந்த தோல் நிறம்.

வேறு பேரிக்காய் இல்லை. இருந்தாலும் நேரமில்லை. கஞ்சியையா கொண்டுபோக முடியும்? என் மனைவி பாட்டிலைக் கொதிநீரில் கழுவி நீட்டினாள். "அண்ணி, ருசி பாத்தேன். நெறத்த விடுங்க. தைரியமா போங்க."

அக்கா வெள்ளைச் சேலையை மாற்றிக்கொண்டு பாட்டிலை மடியில் வைத்துச் சைக்கிள் பின்னால் ஏறினாள்.  அவள் நெஞ்சு அடிப்பது என் முதுகில் தெரிந்தது. ஒருவேளை அது என்னுடையதாகவும் இருக்கலாம்.

*

பெரிய மிஸ்ஸி பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பிடித்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டை முள்கரண்டியால் எடுத்துக் கடித்தார். கடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"எத்தனை முறை இதைக் காய்ச்சியிருக்கிறாய்?" என்று மலாயில் அக்காவைக் கேட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விரலால் ஒரு பெரிய எண்ணைக் காட்ட முயன்றேன்.

"ரெண்டு முறை" என்றாள் அக்கா. "வியாழக்கிழமை ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. முதல்ல காய்ச்சினது கஞ்சியாப் போச்சு. என் தம்பி உங்ககிட்டச் சொன்னது பொய்."

தரையில் ஓட்டை எதுவும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

"இந்தச் சிவப்பு?"

"எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியலை, மிஸ்ஸி. வெள்ளையா இருந்தப்ப எறக்கிடச் சொன்னான். உள்ள வேகலை, அதனால எறக்கலை."

பெரிய மிஸ்ஸி இன்னொரு துண்டை எடுத்தார். அப்புறம் இன்னொன்று. "நான் செய்தால் எப்போதும் வெள்ளையாகத்தான் வரும்" என்றார். "இருபது வருஷமாய். அம்மாவினுடையது இதே நிறம். கேட்டால், சிவக்கிறவரை அடுப்பை விட்டு எழுந்திருக்காதே என்பார். எனக்கு உட்காரப் பொறுமை இருந்ததில்லை." பாட்டிலை மூடித் தன் மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். "விடுதியில் நாற்பது பேர். காலைப் பசியாறல் ஆறரைக்கு. அடுப்பு ஐந்தரைக்கே எரியவேண்டும். திங்கட்கிழமை வர முடியுமா?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"கிராணி" என்று பெரிய மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். அப்போதும் சிரிக்கவில்லை. "நீ என் சமையலறைப் பக்கம் வரக்கூடாது."

வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கேட்டைத் தாண்டியதும் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அஞ்சரைக்குன்னா நாம அஞ்சு மணிக்கே கெளம்பணும்டா. பஸ்ஸு கெடையாது. நீதான் மிதிக்கணும்."

"தெனமுமாக்கா?"

"தெனமும்தான்! ஞாயித்துக்கெழமையும் அவங்க சாப்புடுவாங்கல்ல?" என்று சொல்லிவிட்டு, பின்சீட்டில் தாவி ஏறி, "சீக்கிரம் மிதிடா, வீட்டுல போயி அந்தப் பெட்டியக் காலி பண்ணணும்" என்றாள்.