வெளிச்சப் பெட்டிக்காரன் பாடு

சின்னப் பொருள்களைப் படம் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் ஒரு விதி உண்டு: பொருள் எவ்வளவுக்கெவ்வளவு சின்னதோ, அதைக் கொண்டு வருகிறவரின் அவசரம் அவ்வளவுக்கவ்வளவு பெரியது. வீட்டு ஹாலில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, குக்கர் சத்தத்துக்கும் காலிங் பெல்லுக்கும் நடுவே பிழைப்பு நடத்தும் சக பாவப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் அல்ல. புனே ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினெட்டு வருஷம் இருந்தேன். பிப்ரவரி மாதம் ஒருநாள் சின்ன அறை ஒன்றுக்குக் கூப்பிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மிகவும் மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சென்னையில் ஒரு நண்பன் தன் கம்பெனியில் எனக்கு இடம் வைத்திருந்தான். ஆனால் போனால் நான் மட்டும்தான் போக வேண்டும். என் மனைவி வசந்திக்குப் புனேயில் பாங்க் வேலை, மகளுக்குப் பத்தாம் வகுப்பு. தசராவுக்குள் இங்கேயே நிலையாக ஏதாவது அமைந்தால் இருப்பது, இல்லையென்றால் சென்னைக்கு ரயில் ஏறுவது என்று பேசி முடித்தோம். வசந்தி ஈரோட்டுக்காரி, எதற்கும் பதறமாட்டாள். "சரீங்க, அப்படியே செய்யலாமுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். கொஞ்சம் பதறியிருக்கலாமே என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தமாக இருந்தது.

காலைக் கம்மல், மாலைக் கம்மல்

எங்கள் வீடு கராடியில்; அதே மாடியில் எதிர் வீட்டில் ஷைலஜா இருக்கிறாள். சென்னைப் பெண். சுடுமண் கம்மல் செய்து இணையத்தில் விற்கிறாள். அவள் சாப்பாட்டு மேஜையில் வைத்து எடுத்த படங்களில் கம்மலை விடப் பின்னால் இருந்த ஊறுகாய் ஜாடிதான் அழகாக இருந்தது. வீட்டில் சும்மா இருக்கிறவன் என்று ஊருக்கே தெரிந்துவிட்டதால் என்னிடம் வந்தாள். நானும் நாலு வீடியோ பார்த்துவிட்டு வேலையில் இறங்கினேன்.

மிக்சி வந்த அட்டைப்பெட்டி பரண் மேல் இருந்தது. அதை இறக்கி, இரண்டு பக்கமும் மேலேயும் ஜன்னல் மாதிரி வெட்டி, ஜன்னல்களில் வெள்ளை பட்டர் பேப்பரை ஒட்டினேன். உள்ளே ஒரு வெள்ளை சார்ட் தாளைப் பின்சுவரிலிருந்து தரை வரைக்கும் மடிப்பு விழாமல் வளைத்து விட்டேன். மடிப்பு விழுந்தால் பொருளுக்குப் பின்னால் கோடு தெரியும். வெளியே இரண்டு பக்கமும் இரண்டு மேஜை விளக்கு. ஒன்று மகள் படிக்கிற விளக்கு, இன்னொன்று படுக்கையறை விளக்கு. ஒன்றில் வெள்ளை பல்பு, மற்றதில் மஞ்சள் பல்பு என்பதை நான் கவனிக்கவில்லை. ஒரு கம்மல் ஜுரம் வந்த மாதிரி வெளிறியும், இன்னொன்று மஞ்சள் பூசிக் குளித்த மாதிரியும் வந்தது. பெருமையாக அனுப்பி வைத்தேன். ஷைலஜா கதவைத் தட்டிக் கேட்டாள்:

"அண்ணா, இந்தக் கம்மல காலைல போட்டுக்கணும், அந்தக் கம்மல சாயங்காலம் போட்டுக்கணும்னு கீழ எழுதிடட்டுமா?"

காணாமல் போன கீறல்

பல்புகளை ஒரே நிறத்துக்கு மாற்றிய பிறகு வேலை கொஞ்சம் சூடு பிடித்தது. ஷைலஜா சொல்லி மங்கேஷ் வந்தார். பழைய கைக்கடிகாரங்களை வாங்கிச் சுத்தம் செய்து விற்கிறவர். ஒவ்வொன்றையும் பனியன் துணியில் சுற்றிக் கொண்டு வருவார். என் பெட்டியில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் மெத்தென்று விழுவதால், கண்ணாடி மேல் இருந்த கீறல்கள் படத்தில் மாயமாகிவிட்டன. அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அதைவிடச் சந்தோஷம். கீறலை எடுக்கத் தெரிந்த டாக்டர் மாதிரி ஒரு வாரம் நடமாடினேன்.

அடுத்த வாரம் மூன்று கடிகாரங்கள் திரும்பி வந்தன. மங்கேஷ் அவற்றை என் மேஜையில் வரிசையாக வைத்தார். கோபம் எதுவும் இல்லை, இந்தியில் நிதானமாகத்தான் சொன்னார்:

"சார், இந்தக் கடிகாரம் வேண்டாமாம். போட்டோவில இருக்கிற கடிகாரம் இருந்தா அனுப்பச் சொல்றாங்க."

பித்தளைக்குள் என் மூக்கு

அதிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் கீறல் தெரிகிற மாதிரி ஒரு படமும் சேர்த்து எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். அந்த நேர்மையைக் கேள்விப்பட்டு, மங்கேஷின் நண்பர் சாவந்த் செப்டம்பரில் போன் செய்தார். கசார்வாடியில் பழைய ஹைவேயை ஒட்டி அவருடைய பட்டறை. இரண்டு லேத், நாலு ஆள். பித்தளையிலும் ஸ்டீலிலும் விரல் நுனி அளவுக்குக் குழாய் இணைப்புகள் கடைகிறார். ராஜ்கோட்டிலிருந்து வாங்குகிற புதுக் கம்பெனி ஒன்று படங்கள் கேட்டிருக்கிறதாம். முதல் படங்கள் பிடித்துப் போனால் அவருடைய மொத்தச் சரக்குக்கும் நான்தான் படம் எடுக்க வேண்டும், மாதாமாதம் புது உருப்படி வரும் என்றார். நான் காலண்டரைப் பார்த்தேன். தசராவுக்கு மூன்று வாரம் இருந்தது.

பளபளக்கிற உலோகத்தைப் படம் எடுத்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு கண்ணாடி. எதிரில் இருப்பதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். சாவந்த் டிபன் டப்பாவில் கொண்டுவந்த பித்தளை உருப்படிகளை எடுத்தால், ஒவ்வொன்றிலும் என் கட்டம் போட்ட சட்டையும் என் மூக்கும். பெட்டியின் வாயையும் ஒரு வெள்ளைத் தாளால் மூடி, நடுவில் போன் கேமரா எட்டிப் பார்க்க மட்டும் ஓட்டை போட வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் கற்றேன். முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த சாவந்த் சிரிக்காமல் கேட்டார்:

"அண்ணா, இதில என் சரக்கும் இருக்கு, நீங்களும் இருக்கீங்க. வாங்கறவன் எதுக்கு விலை கேக்கறது?"

ஆயுத பூஜையில் ஒரு ஆயுதத் திருட்டு

ராஜ்கோட்டுக்கு அனுப்ப வேண்டிய பன்னிரண்டு உருப்படிகளுக்கு நிக்கல் பூச்சு தாமதமாகி, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் என் கைக்கு வந்தன. மறுநாள் காலை வசந்தி பூஜைக்கு அடுக்கினாள். சரஸ்வதி படம், மகளின் புத்தகங்கள், தன் கால்குலேட்டர், பேனா, எல்லாவற்றுக்கும் நடுவில் என் மிக்சி அட்டைப்பெட்டி. அதற்கு மட்டும் தனியாக ஒரு சாமந்தி மாலை. விஜயதசமி காலை மறுபூஜை முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது, அது ஈரோட்டுச் சட்டம். போனை மட்டும் யாரும் பூஜையில் வைக்கவில்லை. அந்த அளவுக்குப் பக்தி எங்கள் வீட்டில் கிடையாது.

பத்து மணிக்கு சாவந்த் கூப்பிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் படம் கிடைக்குமா என்று ராஜ்கோட்டில் கேட்கிறார்கள் என்றார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் கிடைக்கும் என்றுவிட்டேன். மத்தியானம் வசந்தியும் மகளும் சுண்டல் எடுத்துக்கொண்டு ஷைலஜா வீட்டுக் கொலுவுக்குப் போன சமயம் பார்த்து, மாலையைக் கழற்றிப் பெட்டியைத் தூக்கினேன். சொந்தப் பெட்டியைத் திருடினவன் புனேயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அரை மணி நேரத்தில் பன்னிரண்டையும் எடுத்து, பெட்டியை இருந்த இடத்தில் வைத்து, மாலையையும் போட்டுவிட்டு, படங்களைச் சரியாகக்கூடப் பார்க்காமல் அனுப்பினேன்.

நாலு மணிக்கு சாவந்த் மறுபடி கூப்பிட்டார். எல்லா உருப்படியிலும் சிவப்பாக ஒரு புள்ளி இருக்கிறதாம். புதுச் சரக்கில் துருவா என்று ராஜ்கோட்டுக்காரர் கேட்கிறாராம். போய்ப் பெட்டிக்குள் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தேன். மேல் ஜன்னலின் ஓரத்தில், உள்பக்கமாக, சந்தனம் வைத்து அதன் நடுவில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு. பன்னிரண்டு நிக்கல் தலைகளும் அதைப் பார்த்துக்கொண்டே படத்துக்கு நின்றிருக்கின்றன.

வசந்தி திரும்பி வந்ததும் சத்தம் போட்டேன். பெட்டியைத் தொட்டது என் தப்பு என்பதை வசதியாக மறந்துவிட்டு, எல்லாரும் வெளியேதானே பொட்டு வைப்பார்கள், நீ ஏன் உள்ளே வைத்தாய் என்று கத்தினேன். நான் பெட்டியை எடுத்ததைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"வெளிய வச்சா அது பெட்டிக்குங்க. உள்ள வச்சாத்தானுங்க தொழிலுக்கு. நீங்க சென்னைக்குப் போவக் கூடாதுன்னு வேண்டிட்டுத்தான் வச்சனுங்க."

தசரா காலை

எட்டு மாதமாக அவளுக்கு ஒரு கவலையும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த மடையன் நான். வெட்கமாக இருந்தது. போனை எடுத்து சாவந்திடம் பூஜை, பொட்டு, சென்னை, தசராக் கெடு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினேன். அந்த ஆர்டர் போனால் அவருடைய ஒரு லேத் சும்மா நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் திட்டவில்லை. தன்னுடைய லேத்துக்கும் காலையிலேயே மாலை போட்டாயிற்று, தானும் இன்று எதையும் தொடவில்லை என்றார். ராஜ்கோட்டுக்காரர் கேட்டதை என் காதில் போட்டதோடு சரி, நாளைக்குத்தான் முடியும் என்று நான் சொல்லியிருந்தால் அதையே அங்கே சொல்லியிருப்பாராம். புள்ளி துரு இல்லை, பூஜைக் குங்குமம் என்று தானே பேசிக்கொள்வதாகவும், காலையில் பெட்டியோடு பட்டறைக்கே வந்துவிடும்படியும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்ததும் நான் ஈரத்துணியோடு பொட்டைத் துடைக்கப் போனேன். வசந்தி கையைப் பிடித்து நிறுத்தினாள். துடைக்காமல், அதன் மேல் ஒரு துண்டு வெள்ளைத் தாளை ஒட்டினாள். வேண்டுதலும் இருந்தது, புள்ளியும் மறைந்தது. இத்தனை மாதத் தொழிலில் எனக்குத் தோன்றாத யோசனை. அவளுக்கும் விடுமுறை, தானும் வருகிறேன் என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கசார்வாடி வரைக்கும் ஆட்டோவில் வந்தாள்.

பட்டறையில் லேத்துக்குச் சாமந்தி மாலை, தரையில் கோலப்பொடியில் தாமரை. இந்த ஊரில் தசராவுக்கு ஆத்தி இலையைத் தங்கம் என்று சொல்லிக் கையில் கொடுப்பார்கள். சாவந்த் வசந்திக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு, மூன்றாவதைப் பெட்டிக்குள் வைத்து முதல் படமாக அதை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். பிறகு பன்னிரண்டு உருப்படிகள், இந்தத் தடவை ஒவ்வொன்றையும் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் பார்த்து. தசரா வாழ்த்துச் சொல்ல வந்த பக்கத்துப் பட்டறைக்காரர்கள் மூன்று பேர் என் முதுகுக்குப் பின்னால் நின்று போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தன் பட்டறைக்குப் போய்த் தன்னுடைய ஸ்பிரிங்குகளை ஒரு லட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். மத்தியானத்துக்குள் ராஜ்கோட்டிலிருந்து சரி என்று பதில் வந்தது. சாவந்த் போனை என் முன்னால் நீட்டிக் காட்டிவிட்டு வசந்தியைப் பார்த்துச் சொன்னார்:

"பாபி, சென்னைக்குப் போன் போடச் சொல்லுங்க. கசார்வாடி நட்டு போல்ட்டெல்லாம் அண்ணாவுக்காக வரிசையில நிக்குது."

திரும்பும் வழியில் ஆட்டோவில் வசந்தி பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். டிரைவர் கண்ணாடியில் என்னைத்தான் முறைத்தார். நான் அங்கிருந்தே சென்னை நண்பனுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன்.

அடுத்தவர் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பதற்காகப் பதினெட்டு வருஷம் சம்பளம் வாங்கியவன், இப்போது என் தப்பை அடுத்தவர்கள் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லத் தொழில் கற்று, குடும்பத்தோடு ஒரே ஊரில் சோறு தின்கிறேன்.