பல்லிடுக்கில் விழுந்த சந்தேகம்

மலைமேல் உள்ள செம்மேட்டில் மிளகு வாங்கி விற்கும் செல்லாத்தாள் யாரையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து மலைக்கு வாழ வந்தவள். மூட்டையின் மேலாகப் பார்க்காமல் அடிவரை கையை விட்டு அள்ளுவாள். ஒரு மணியைக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவாள்.

போன மழைக்காலத்தில் அப்படிக் கடித்துத் துப்பிய மிளகோடு ரத்தமும் வந்தது. மிளகில்தான் எதையோ கலந்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தாள். பிறகு பல் துலக்கும்போதும் வந்தது. கீழ்வரிசை முன்பல் ஒன்று லேசாக ஆடியது.

மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் பல் டாக்டர் மோனிஷா விளக்கடித்துப் பார்த்தார்.

"பல்லுல காரை கட்டியிருக்குங்கக்கா. அதான் ஈறைப் புண்ணாக்குது. சுத்தம் பண்ணிரலாம். அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க."

ஆறு மாதத்துக்கு ஒருமுறையா? வாடிக்கை பிடிக்கிறாள் என்று செல்லாத்தாளுக்குத் தோன்றியது. இருந்தாலும், ஆடுகிற பல் விழுந்துவிடுமோ என்று வாயைத் திறந்தாள். அன்று கீழ்வரிசை மட்டும் முடிந்தது.

பஸ் மலையேறும்போதே நாக்கு பல்லைத் தடவியது. முன்பற்களுக்கு நடுவே, அதுவரை இல்லாத சந்து! வீட்டில் தண்ணீர் குடித்தால் சுரீரென்று கூசியது. பக்கத்துக் கடை பாப்பாத்தி வேறு, "பல்லைச் சுரண்டினா ஆட்டங் கண்டுருமே, நீ ஏன் போனே?" என்றாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே மலையிறங்கினாள்.

"ஏனுங்க, எம்பல்லை அறுத்துப்போட்டீங்களா? சந்து உழுந்து கெடக்குது. அதை அடைக்க இன்னொரு வைத்தியம் பாக்கலாம்னுதானே?"

காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மோனிஷாவின் முகம் சிவந்தது. கைக்கண்ணாடி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"மேல்வரிசையை இன்னும் நான் தொடலைங்க. நீங்களே பாருங்க."

கடைவாய்ப் பல்லின் மேல் மஞ்சளாக ஒன்று, பல்லோடு பல்லாக ஒட்டிக் கிடந்தது. டாக்டர் அதை நெம்பி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். செல்லாத்தாள் நகத்தால் அழுத்தினாள். பொடிந்தது. முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"பல்லா இருந்தா இப்பிடிப் பொடியுமாங்கக்கா? இதே காரை கீழ அடைச்சுக்கிட்டு இருந்த எடந்தான் அந்தச் சந்து. கூச்சம் நாலு நாள்ல கொறைஞ்சுரும்."

"கொறையாட்டி மறுக்கா வருவேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். மேல்வரிசை முடியும்வரை கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை.

கூச்சம் அடங்கியது. ரத்தம் நின்றது. ஆடிய பல் முழுதாக இறுகவில்லை, விழவும் இல்லை. டாக்டரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து, யாரும் சொல்லாமல் அவளாகவே போய் வந்தாள்.

அந்த வாரத்தில்தான் கணவர் தனபாலின் துண்டில் சிவப்பாக ஏதோ தென்பட்டது.

"வெத்தலைக் கறை" என்றார் அவர்.

"நீங்க என்னைக்கு வெத்தலை போட்டீங்க? வாயைத் தொறங்க, பாக்கலாம்."

சேந்தமங்கலம் போகும் அடுத்த பஸ்ஸில் தனபால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நடுவழியில் இறங்கிவிடுவாரோ என்று வழியை மறித்துக்கொண்டு செல்லாத்தாள் உட்கார்ந்திருந்தாள்.