மூன்று வீட்டு சர்வர்

என் மனைவி மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மாதிரிப் பரீட்சை வைத்தால் போதும், வாடகை சர்வர் பாதியில் படுத்துவிடும். "நம்மளே ஒண்ணு வச்சா என்ன?" என்று வாயைக் கொடுத்தது நான்தான்.

பழைய கம்ப்யூட்டர்கள் மூன்றைப் பிடித்தேன். பரீட்சைத் தளத்தைச் சிறு சிறு பகுதிகளாக்கி, கண்டெய்னர் என்கிற மென்பொருள் டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டு, மூன்று மெஷின்களையும் ஒரே கிளஸ்டராகக் கட்டினேன். ஒன்று விழுந்தால் அதன் வேலையை மற்ற இரண்டும் தாமாகவே இழுத்துப் போட்டுச் செய்யும். ஒரே வீட்டில் இருந்தால் மூன்றும் கூண்டோடு போகுமே என்று, ஒன்றை மஹய்யாவையில் எங்கள் வீட்டிலும், ஒன்றை மேல் தெருவில் அக்கா வீட்டிலும், ஒன்றைச் சந்தியில் செருப்புக்கடை நானாவிடமும் வைத்தேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி எவன் அசைப்பான்?

பரீட்சை தொடங்கி நன்றாகத்தான் போனது. பிற்பகல் வானம் கறுத்து, ஓர் இடி உறுமியது. என் கை பழக்கத்தில் போய் சர்வரின் பிளக்கைக் கழற்றியது. போகட்டும், இன்னும் இரண்டு இருக்கிறதே என்று நினைத்தேன்.

தளம் அப்படியே நின்றுபோனது. அக்காவுக்குப் போன் அடித்தேன். "இடி இடிக்குதேடா, அப்பவே கழட்டிட்டேன்." நானாவோ, "இடி முழங்கக்குள்ள பிளக்க உட்டுட்டு ஈக்கேலுமா தம்பி?" என்றார். அடக் கடவுளே! இடி இடித்தால் ஊரே பிளக்கைக் கழற்றும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

"ஒரு நிமிஷம் சொருகுங்க நானா" என்று நான் கெஞ்ச, மனைவி கத்தினாள்.

"பிளக்கு கெடக்கட்டும்! இங்க இடிச்சா தோட்டத்துல இடிக்காதா? சிக்னலுக்காகப் புள்ளைக மேட்டுல நிக்குதுக!"

பரீட்சைப் பக்கம் திரும்ப வருமென்று, என் சர்வரை நம்பி, அந்தப் பிள்ளைகள் வெட்டவெளியில் காத்திருந்தார்கள். மனைவி போனில் பிள்ளைகளின் குரூப்புக்குப் பேசி அனுப்பினாள்: "எல்லாரும் உடனே கீழ எறங்குங்க. பரீட்சை நாளைக்குக் காலையில."

செய்தி மட்டும் போகிற வீட்டுச் சிக்னலில், வீட்டுக்கு வந்துட்டோம் என்று ஒவ்வொருவராகப் பதில் போட்டார்கள். மேல் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளை ஒருத்தி மட்டும் போடவில்லை. மழை கொட்டியது. இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். தேநீர் ஆறிப்போனது.

கடைசியில் அவளும் அனுப்பினாள்: "வீட்டுக்கு வந்துட்டேன் டீச்சர். பிளக்கெல்லாம் கழட்டியாச்சு."